எஸ்.கியூ.எம்-எல் இருள்மானி: வெள்ளவத்தை மொட்டைமாடியிலும் நெடுந்தீவிலும் அளந்து பார்த்ததில்

வானம் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும் சின்னப் பெட்டி இது. முழுப்பெயர் ஸ்கை குவாலிட்டி மீட்டர். என்னிடம் இருப்பது வில்லை பொருத்திய ‘எல்’ வகை. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் கிறிம்ஸ்பி என்ற ஊரில் யுனிஹெட்ரன் என்ற நிறுவனம் இதைச் செய்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தொலைநோக்கிக்குக் காசு சேர்க்கிற பிள்ளைகள் இதை வாங்க வேண்டாம். ஆனால் விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கிற இருள்வானப் பூங்கா ஒன்று இலங்கையில் வரவேண்டும் என்று மனதார நினைக்கிற நாலு பேர் சேர்ந்தால், அவர்கள் முதலில் வாங்கவேண்டிய சாமான் இதுதான்.

நான் நில அளவையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒரு கருவி கையில் வந்தால் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை வருகிறதா? நான் எழுதிவைத்ததை நாளைக்கு வேறொருவர் அதே இடத்தில் நின்று சரிபார்க்க முடியுமா? இந்த இரண்டிலும் இந்த மானி தேறிவிட்டது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கொழும்புக் கடைகளில் இதைத் தேடி அலைய வேண்டாம், கமரா விற்கிறவர்களுக்கே என்னவென்று தெரியவில்லை. ஸ்காபரோவில் இருக்கிற என் பெறாமகள் விடுமுறைக்கு வரும்போது கைப்பையில் கொண்டுவந்தாள். “சித்தப்பா, இவ்வளவு சின்னதுக்கா இத்தனை மெசேஜ் போட்டனீங்கள்?” என்று கேட்டுக்கொண்டே தந்தாள். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு பொத்தான், சிவப்பு எழுத்தில் எண் காட்டும் ஒரு சின்னத் திரை, உள்ளே 9 வோல்ற் பற்றரி. அவ்வளவுதான். எண் சிவப்பில் தெரிவது நல்ல யோசனை. இருட்டுக்குப் பழகிய கண் அதைப் பார்த்ததும் கூசாது.

வில்லையை உச்சிவானத்துக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். கொழும்பில் அழுத்திய உடனேயே விடை வந்துவிடும். இருட்டான இடத்தில் போதிய ஒளி சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடிக்கும், நல்ல இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

எண்ணை வாசிப்பது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். நட்சத்திரங்களின் பிரகாசத்தைச் சொல்ல மக்னிடியூட் என்ற அளவு இருக்கிறது. வானத்தில் ஒரு சதுர ஆர்க்செக்கன் (ஆர்க்செக்கன் என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) பரப்பு எத்தனை மக்னிடியூட் ஒளியோடு இருக்கிறது என்பதைத்தான் மானி காட்டுகிறது. எண் கூடக் கூட இருள் கூடும். ஐந்து மக்னிடியூட் வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு வித்தியாசம், ஒன்று என்றால் சுமார் 2.5 மடங்கு. செயற்கை வெளிச்சமே இல்லாத, நிலவும் இல்லாத வானம் 22-ஐ ஒட்டி இருக்கும். பெரிய நகரங்களின் நடுவில் 17, 18 என்று வரும். மானியின் துல்லியம் ஏறத்தாழ 0.1. அதனால் 18.12-க்கும் 18.15-க்கும் வித்தியாசம் பார்த்துச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் நிலவில்லாத, முகிலில்லாத இரவுகளில் எனக்கு 18-ஐச் சுற்றியே வருகிறது. காலி வீதிக் கடைகள் பூட்டிய பிறகு, நள்ளிரவு தாண்டி அளந்தால் கொஞ்சம் கூடும். முகில் வந்தால் எண் சட்டென்று விழும், நகர வெளிச்சம் முழுவதும் முகிலில் பட்டுத் திரும்பி வருகிறது அல்லவா. காலிமுகத்திடலில் நின்று கடல் பக்கம் பார்த்தால் இருட்டுப் போலத் தெரியும். உச்சிக்கு மானியைப் பிடித்தால் எங்கள் மாடியைவிட மோசம். ஒரு பக்கம் ஹோட்டல்கள், ஒரு பக்கம் துறைமுக நகரம், சற்றுத் தள்ளித் தாமரைக் கோபுரம். அந்த வானத்தில் ஓரியன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையிலுள்ள மூன்று நட்சத்திரங்களும் தெரியும், பால்வீதி தெரியாது.

எல் வகையை ஏன் வாங்கினேன் என்று கேட்கலாம். வில்லை இல்லாத பழைய வகை வானத்தின் பெரும்பகுதியை ஒரேயடியாக உள்ளே எடுக்கும். எங்கள் லேனில் இரண்டு பக்கமும் ஐந்து மாடி, ஆறு மாடி. பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டு விளக்கும் சேர்ந்து வந்துவிடும். எல் வகை ஏறத்தாழ 20 பாகை அகலத்தை மட்டும் பார்க்கும். கட்டடங்களுக்கு நடுவில் நின்று அளக்கிறவர்களுக்கு இதுதான் சரி. வெட்டவெளியில் அளக்கும்போதும் தென்னை மரம் குறுக்கே வராது.

இனி இது சொல்லாத விஷயங்கள். இதில் நான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன்.

முதலாவது, நிறம். நம் ஊரில் மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.ஈ.டி வந்துகொண்டிருக்கிறது. வெள்ளை எல்.ஈ.டியில் நீல ஒளி அதிகம். இருளில் பழகிய மனிதக் கண் அந்த நீலத்துக்குத்தான் கூர்மை, காற்றில் அதிகம் சிதறுவதும் நீலம்தான். மானியின் உணரிக்கும் நம் கண்ணுக்கும் நிற உணர்வு ஒன்றல்ல. அதனால் தெரு முழுவதும் விளக்கு மாறினாலும், கண்ணுக்குத் தெரிகிற கேட்டை மானி முழுதாகக் காட்டாது. எண் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு ‘வெளிச்சம் கூடவில்லை’ என்று யாராவது வாதாடினால் நம்பக் கூடாது.

இரண்டாவது, முகில். இதைப் பலர் கவனிப்பதில்லை. நகரத்தில் முகில் வானத்தை வெளிச்சமாக்கும், இருட்டான ஊரில் அதே முகில் வானத்தை இன்னும் இருட்டாக்கும். நட்சத்திர ஒளியை மறைக்கிறதே தவிர, கீழிருந்து பட்டுத் திரும்ப வெளிச்சம் இல்லை. ஆகவே தீவுப் பக்கம் போய் 22-க்கு மேல் எண் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் தலையை நிமிர்த்திப் பாருங்கள். மெல்லிய முகில் மூடியிருக்கும்.

மூன்றாவது, கண்கூச்சம். அதைப் பின்னால் ஒரு கோயில் விளக்கை வைத்துச் சொல்கிறேன்.

நான் பின்பற்றும் முறை இது. நிலவு மறைந்திருக்க வேண்டும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கியிருக்க வேண்டும், நம் அட்சரேகையில் அது சூரியன் மறைந்து ஒன்றேகால் மணித்தியாலம் அளவில். கருவியை வெளியே கொண்டுவந்து கொஞ்ச நேரம் காற்றுப்பட விடவேண்டும். குளிரூட்டிய வாகனத்துக்குள் இருந்து எடுத்தவுடனே அளந்தால் நம் ஈரக் காற்றில் வில்லை வியர்த்துவிடும். முதல் வாசிப்பை விட்டுவிட்டு அடுத்த சிலதை எழுதிச் சராசரி எடுக்க வேண்டும். திகதி, நேரம், இடம், முகில், காற்று, பக்கத்தில் எரியும் விளக்கு எல்லாம் அதே பக்கத்தில் வரவேண்டும். கருவி எதையும் தானாகச் சேமித்துவைக்காது, கொப்பி எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்கு இது உதவாது. கணினியோடு இணைத்து இரவு முழுவதும் பதிகிற வகைகளும் அதே நிறுவனத்தில் உண்டு. பூங்கா வேலை தொடங்கினால் அதில் ஒன்று தேவைப்படும்.

சரி, நெடுந்தீவுக்கு வருவோம்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்காகக் கீரிமலையில் தீர்த்தமாடிவிட்டு, குறிகட்டுவானில் படகு பிடித்துப் போனேன். தேர்ந்தெடுத்த நாள்தான் அது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு வானத்தை மூடி வைத்திருக்கும், அதே மாதங்களில் வடக்கும் கிழக்கும் காய்ந்து கிடக்கும். பால்வீதியின் நடுப்பகுதி, அதாவது விருச்சிகமும் தனுசும் இருக்கிற பக்கம், இரவின் முன்பகுதியில் நன்றாக மேலே நிற்பதும் அப்போதுதான். கொழும்பிலிருக்கிற வான் பார்க்கிற பிள்ளைகள் ஆண்டின் மிகச் சிறந்த மாதங்களை முகிலைப் பார்த்துக்கொண்டே கழிக்கிறார்கள். வட கிழக்கில் ஓர் இருள்வானப் பூங்கா வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த மழைக் கணக்கு.

அன்றைக்குச் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பலமாக அடித்தது. பவளக் கல் வேலிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுதான் அளக்க வேண்டியிருந்தது. உப்புக் காற்று வில்லையில் படியும் என்று மெல்லிய துணியால் ஒவ்வொரு முறையும் ஒற்றி எடுத்தேன். எட்டரை மணியளவில் உச்சிவானத்தில் 21.5-ஐத் தாண்டியது. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளவத்தை மாடியோடு ஒப்பிட்டால் மூன்றரை மக்னிடியூட் வித்தியாசம், அதாவது எங்கள் மாடிக்கு மேலே இருக்கிற வானம் இதைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெளிச்சம். பத்து மணிக்குப் பிறகு எண் கொஞ்சம் குறைந்தது. யாரும் விளக்கு ஏற்றவில்லை, பால்வீதி உச்சிக்கு வந்துவிட்டது. பால்வீதியே அளவில் தெரிகிற அளவுக்கு ஒரு வானம்!

கண்ணால் பார்த்ததையும் எழுதவேண்டும். கேட்டை நட்சத்திரம் செம்மஞ்சளாக எரிய, தேளின் வால் முழுவதும் கொக்கி வரைக்கும் தெரிந்தது. பால்வீதியின் நடுவே ஓடுகிற கருந்தூசிப் பிளவு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒன்பதரை பாகைதான், அதையும் காண முடிந்தது. கிழக்கு வடகிழக்கில் யாழ்ப்பாண நகரத்தின் வெளிச்சம் ஒரு தணிந்த கூடாரமாக நின்றது, கடலில் படகு விளக்குகள். மற்றப் பக்கமெல்லாம் நட்சத்திரங்கள் நீருக்குள் இறங்கின.

இருள்வானப் பூங்கா என்ற பட்டத்தைக் கொடுப்பது டார்க்ஸ்கை இன்டர்நேஷனல் என்ற அமைப்பு. 1988-இல் தொடங்கியது. முதல் பூங்காவாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள நச்சுரல் பிரிட்ஜஸ் 2007-இல் அங்கீகாரம் பெற்றது. பக்கத்து நாட்டில் மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பூங்காவுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் 21.2. இந்த மானி காட்டும் அதே அலகில்தான் அந்த எண்ணும் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போய் ‘எங்கள் ஊர் வானம் அழகு’ என்று சொன்னாலும் தேநீர் தந்து அனுப்பிவிடுவார்கள். ‘இந்த இடத்தில், இந்த மாதங்களில், இந்த எண்’ என்று கொப்பியை விரித்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். என் உத்தியோக காலம் முழுவதும் நான் கண்டது இதுதான்.

ஆனால் எண் மட்டும் போதாது. பொதுமக்கள் இரவில் உள்ளே வர இடம் கொடுக்க வேண்டும், விளக்குகளுக்கு எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும், வான் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிகள் நடக்க வேண்டும், தொடர்ந்து அளக்க வேண்டும். இரவு அனுமதி என்ற இடத்தில்தான் நம்முடைய பெரிய வனவிலங்குப் பூங்காக்கள் தடக்குப்படும். யாலவும் வில்பத்துவும் நல்ல இருட்டுத்தான், பொழுது பட்டால் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அது நியாயமும்கூட. யானை நடக்கிற வெளியில் இருட்டில் முக்காலி விரித்து உட்காரப் பிள்ளைகளை அனுப்ப என்னால் முடியாது. நெடுந்தீவில் யானை இல்லை, குதிரைகள்தான். அங்கே 2015-இல் தேசியப் பூங்கா என்று பிரகடனம் செய்த நிலமும் இருக்கிறது, அதற்கு வெளியே மக்கள் வாழ்கிறார்கள், தங்க வீடுகள் இருக்கின்றன. தீவின் மின்சாரம் தேசிய மின்வலையோடு சேராதது. விளக்குகளை யார் போடுகிறார்கள், எங்கே போடுகிறார்கள் என்பதை ஒரு நடை நடந்தால் எழுதி முடித்துவிடலாம். பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நடையைக் கொஞ்சம் நடந்தும் பார்த்தேன். ஒரு கோயில் வாசலில் பெரிய வெள்ளை விளக்கு, பாதி வெளிச்சம் வானத்துக்குப் போகிற மாதிரிச் சாய்த்துப் பூட்டியிருந்தது. கோயிலைப் பார்க்கிற பெரியவரிடம், “ஐயா, உந்த லைற்றைக் கொஞ்சம் கீழ திருப்பினா வாசல் இன்னும் நல்லாத் தெரியும்” என்றேன். “மேல பாத்து எரிஞ்சு ஆருக்குப் பிரயோசனம், தம்பி? ஏணியைக் கொண்டாறன்” என்றார். இரண்டு ஆணியைத் தளர்த்தித் திருப்பி முடித்தோம். வாசல் படி நன்றாகத் தெரிந்தது, எதிர்ப் பக்க வெளி இருண்டது, அங்கே நின்ற எனக்குப் புதிதாக நட்சத்திரங்கள் தெரிந்தன. மானியை உச்சிக்குப் பிடித்தேன். எண்ணில் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் இல்லை.

கருவியில் பிழை இல்லை. அது பார்ப்பது தலைக்கு மேலே இருக்கிற 20 பாகையை. பக்கவாட்டில் கண்ணில் குத்துகிற ஒரு விளக்கு அதற்குள் வராது. ஆனால் வான் பார்க்க வந்த ஒருவரின் இரவைக் கெடுப்பது அந்த ஒரு விளக்குத்தான். ஆகவே மானியின் கொப்பிக்குப் பக்கத்தில் விளக்குக் கொப்பி ஒன்று கட்டாயம் வேண்டும்: எந்தக் கம்பம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மறைப்பு உண்டா, வெள்ளையா மஞ்சளா, எத்தனை மணிவரை எரிகிறது. விளக்கு இப்படி இருக்கவேண்டும்: ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் 3,000-க்கு மேற்படாத மஞ்சள் சாயல், கீழ்நோக்கிய மூடி, தேவையான நேரத்துக்கு மட்டும் எரிதல். பாதி வேலை ஏணியும் திருகாணியும்தான். தெரு இருட்டாகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு அந்தக் கோயில் வாசலைக் காட்டலாம்.

கொழும்பில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நம் நகரத்தில் 1965-இல் கட்டிய கோள்மண்டலம் இருக்கிறது. மொறட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஜப்பான் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 முதல் இருக்கிறது. ஆர்வமுள்ள பிள்ளைகள் பாடசாலைக் கழகங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இல்லாமல் போனது வானம். உலகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மக்களுக்குப் பால்வீதி தெரிவதில்லை என்று 2016-இல் வெளிவந்த உலக வரைபடம் காட்டியது. எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகள் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். நாம் நிற்கிற அட்சரேகையில் சப்தரிஷி மண்டலமும் தென்சிலுவையும் ஒரே இரவில் தெரியும், மகெல்லன் முகில்கள் என்கிற அயல் விண்மீன் மண்டலங்கள்கூடத் தெற்கே தாழ்வாகத் தெரியும். ஐரோப்பாவிலிருந்து இதைப் பார்க்க விமானம் ஏறி வருகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளை அதை வாழ்நாளில் ஒருமுறையும் காணாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வாங்குவது பற்றிச் சில வார்த்தை. ஆளுக்கொன்று தேவையில்லை, ஒரு கழகத்துக்கு ஒன்று போதும். அதைவிட, ஒரே கருவியால் எல்லா இடங்களையும் அளப்பதே நல்லது, ஒப்பிடும்போது கருவிக்குக் கருவி உள்ள வித்தியாசம் குறுக்கே வராது. காசு இல்லாவிட்டால் முதலில் குளோப் அட் நைட் திட்டத்தில் சேருங்கள். குறிப்பிட்ட நட்சத்திரக் கூட்டத்தில் கண்ணுக்கு எது எது தெரிகிறது என்று படத்தோடு ஒப்பிட்டு அனுப்புவது, செலவே இல்லை. அப்படி உலகம் முழுவதும் சாதாரண மக்கள் அனுப்பிய கணக்குகளை வைத்துத்தான், 2011 முதல் 2022 வரை வானம் ஆண்டுக்குச் சராசரி 9.6 வீதம் வெளிச்சமாகி வந்திருக்கிறது என்று 2023-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். மானி கிடைத்தால் அதன் எண்ணையும் அங்கேயே அனுப்பலாம். கைபேசிக் கமராவை வைத்து அளக்கிற செயலிகளை நான் பூங்கா வேலைக்கு நம்பமாட்டேன், ஃபோனுக்கு ஃபோன் விடை மாறுகிறது.

வாங்கியவர்களுக்கு: அளக்காத மாதங்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள், வெள்ளவத்தைக் கடல் காற்றில் முனைகள் பச்சை பிடித்துவிடும். வில்லைக்கு ஒரு மூடி செய்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். இந்த மானியை இரவல் தர நான் தயார், கொப்பி எழுதித் திருப்பித் தருவதாக இருந்தால். மார்ச் கடைசி, ஏப்ரல் அமாவாசை இரவுகளில் மன்னார், முல்லைத்தீவு, பாசிக்குடாப் பக்கம் போகிறவர்கள் முதலில் கேட்கலாம். நள்ளிரவை ஒட்டித் தென்சிலுவை உயரத்தில் நிற்கும் காலம் அது, அந்தப் பக்கங்களில் எடுத்த வாசிப்பு என் கொப்பியில் இன்னும் இல்லை.